வந்தவர்களுக்கு வைத்த தண்ணீர்

தண்ணீருக்காக நான் முதன்முதலில் வாங்கிய அடி ஒரு பிளாஸ்டிக் குடத்தால் விழுந்தது. பச்சைக் குடம், காலிக் குடம். ஆனால் வீசியவளுக்குக் கையில் நல்ல வலு. இடது காதுக்கு மேலே பட்டது. முதலில் சத்தம்தான் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சாக்கடை ஓரம் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது இரண்டாவது அடி முதுகில். குனிந்தவளைப் போய் அடிக்கிறாளே என்று வந்த ஆத்திரத்தில் குடத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் பட்டப்பகலில் நடுத்தெருவில் குழாயடிச் சண்டை போட்டாள் என்று யாராவது என் மாமியாரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். என் அம்மா உடனே நம்பியிருப்பார்.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் முதுகுப்புறம், அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் அந்தத் தெரு இருந்தது. வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லாம் ஒரே முதலாளியின் வாடகை வீடுகள். தெருக்கோடியில் அதே முதலாளியின் முலாம் பட்டறை. சைக்கிள் ஹேண்டில்பார், ஸ்கூட்டர் பம்பர், நாற்காலிக் கால் என்று துருப்பிடித்த மூஞ்சியோடு உள்ளே போகிற இரும்பெல்லாம் குரோமியத் தொட்டியில் முங்கி எழுந்து, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போன்ற பளபளப்போடு வெளியே வரும். தொட்டி கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று முதலாளியை யாரும் கேட்டதில்லை. பட்டறைக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒரு பொதுக்கிணறு.

நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். கணவருக்கு அங்கே வேலை. எங்கள் குழாயில் காலையும் மாலையும் தண்ணீர் வரும், நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது என் உத்தியோகம். பூந்தமல்லி, வானகரம், அம்பத்தூர், ஆவடி என்று சென்னையின் மேற்குப் பக்கம் முழுக்கக் கிணறு, போர், அடிபம்பு என்று எதையும் விடாமல், குடிக்கிற தண்ணீரில் குரோமியமும் ஈயமும் இன்னும் என்னென்ன கண்றாவியும் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சித் திட்டம். அதற்கு நான் ஒருங்கிணைப்பாளர். பெயர் பெரிது. ஜீப்புக்கு டீசல் வாங்குவது, பாட்டிலுக்கு மூடி தேடுவது, சோதனை செய்து கொடுக்கிற மூன்று கல்லூரிப் பேராசிரியர்களைச் சமாதானப்படுத்துவது, இவைதான் வேலை. அந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். ஒருவர் அனுப்பிய முடிவை இன்னொருவர் ஒப்புக்கொண்டால் அன்றைக்கு நான் சர்ச்சுக்குக் காணிக்கை போடலாம்.

கிணற்றுத் தண்ணீரை யாரும் கலக்குவதற்கு முன்னால், விடிந்ததும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. இத்தனை ஊருக்கும் விடிகாலையில் ஜீப் போய்ச் சேராது. அதனால் நானும் டிரைவரும் முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாக வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்துவிடுவோம். காலையில் முதல் வேலையாகக் கிணற்றில் இறைத்து நிரப்பி வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வருவோம். மறுநாள் போனால் எல்லா வீட்டிலும் பாட்டில் தயாராக இருக்கும். அந்தத் தெருவில் இன்னும் விசேஷம். பாட்டிலின் வெளிப்பக்கத்தைக்கூட முந்தானையால் துடைத்து, டம்ளரில் மோர் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டுவார்கள். என்ன பொறுப்பான ஜனங்கள் என்று நான் டிரைவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன்.

முடிவுகள் வந்தன. அந்தத் தெருக் கிணறு படு சுத்தம். குரோமியம் இல்லை, ஒன்றும் இல்லை. பட்டறையை ஒட்டியிருக்கிற கிணறு அது. தண்ணீர் கசக்கிறது என்று தெருவே மனுக் கொடுத்து, நகராட்சி லாரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கிணறு எப்படிச் சுத்தமாகும்? நாங்கள் அதை முதலில் எட்டிப் பார்த்தது மழைக்குப் பிறகு. கிணறு நிரம்பிக் கிடந்தது, மேலே தகரம் போட்டு இருட்டாக இருந்தது, நிறம் ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தாலும் எனக்கு மனது ஒப்பவில்லை. மறுபடி எடுக்க வேண்டும், இதை வெளியே விடாதீர்கள் என்று எங்கள் இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல செய்தியைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்களே மேடம் என்றார். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் முடிவை நகராட்சிக்கு அனுப்பிவிட்டார். கிணறு சுத்தம் என்றால் லாரி எதற்கு என்று அவர்கள் லாரியை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அந்த மனிதர் உயிரோடு இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

முடிவை அனுப்பியதும் லாரி நின்றதும் எனக்கே பிறகுதான் தெரியும். இரண்டாம் தடவை பாட்டில் போடலாம் என்று ஜீப்பில் போய் இறங்கினேன், குடம் வந்து விழுந்தது.

அவள் எனக்குப் புதியவள் அல்ல. போன தடவை பாட்டிலைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தவர்களில் அவள்தான் முதல். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம், நாற்பது வயதிருக்கும். புருஷன் அதே முலாம் பட்டறையில் தொட்டிக்காரன். மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், மாதம் நெருங்கிவிட்டது. அந்தப் பெண் வாசல்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, அம்மா என்னை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார், அவரைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார்கள்.

அவள் குடத்தை விட்டுவிட்டு உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தாள். என் தாடையைப் பிடித்தாள்.

"கெணத்துத் தண்ணி சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டியாமே? லாரிய நிறுத்திட்டாங்க. எம் பொண்ணு புள்ள பெத்தா இந்தத் தண்ணிலதான் குளிப்பாட்டணும், இதத்தான் காய்ச்சிக் குடுக்கணும். நீ படிச்சவதானே? குடி. குடிச்சிட்டுப் போ."

சொம்பு பல்லில் இடித்து உதடு கிழிந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கண்ணாடியின் ஒரு வில்லை உடைந்திருந்தது, மிச்சமிருந்த வில்லை வழியாகச் சொம்புக்குள் பார்த்தேன். தண்ணீர் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த மாதிரி மஞ்சளாக இருந்தது. எனக்கு அடி வாங்கியதுகூட மறந்துபோனது. இப்படி ஒரு நிறம் இருந்தால் சோதனையே வேண்டாம், தூரத்தில் நின்று பார்த்தாலே போதும். அப்படியானால் என் பாட்டிலில் வந்தது என்ன?

அதைத்தான் கேட்டேன். கேட்டேன் என்றால் மரியாதையாக இல்லை. வாயில் ரத்தத்தோடு அவள் மூஞ்சிக்கு நேராகக் கத்தினேன். இதுதான் உங்கள் கிணற்றுத் தண்ணீர் என்றால் எனக்குப் பாட்டிலில் எதை ஊற்றிக் கொடுத்தீர்கள்?

பின்னலைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் குரலை இறக்கி, நான்தான் ஏதோ விவரம் தெரியாதவள்போலச் சொன்னாள்.

"லாரித் தண்ணிதாம்மா. ஊட்டுக்கு வந்து கேக்கறவங்களுக்கு அந்தத் தண்ணியவா புடிச்சிக் குடுப்பாங்க?"

ஒரு வீடு இல்லை, அத்தனை வீட்டிலும் அதையேதான் செய்திருந்தார்கள். யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை. ஆபீசிலிருந்து படித்த அம்மா ஜீப்பில் வந்து தண்ணீர் கேட்கிறாள். அவளுக்கு மஞ்சள் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தால் வீட்டுக்கு என்ன மரியாதை? லாரியில் அடிபிடியாகச் சண்டை போட்டுப் பிடித்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, தாங்கள் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் எனக்கு முதல் பங்கு ஊற்றியிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று நான் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். சொன்னது கேட்டது, புரிந்தது. ஆனாலும் கை வரவில்லை. மூன்று பேராசிரியர்களும் ஒரு நாளும் இல்லாத அதிசயமாக ஒரே முடிவை அனுப்பினார்களே, ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் சோதித்தது நகராட்சி லாரியை.

சிரிப்பதா, அழுவதா? இரண்டும் செய்யவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நானே இறைத்துக்கொள்கிறேன், கிணற்றைக் காட்டுங்கள் என்று பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உதட்டில் ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. என்னை அடித்தவளே முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனாள்.

கிணற்றுச் சுவரில் பட்டறை ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைக் கதவில் என் கண்ணில் முதலில் பட்டது எங்கள் திட்டத்தின் முடிவுத்தாள். முதலாளி எப்படியோ ஒரு நகல் வாங்கி, பசை தடவி ஒட்டியிருந்தார். வாசலில் நின்றுகொண்டு, சர்க்காரே சுத்தம் என்று சொல்லிவிட்டது, இனி யாராவது பட்டறையைப் பற்றிப் பேசினால் வாடகை வீட்டைக் காலி பண்ணவேண்டியதுதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அந்தத் தாள் தப்பு என்று நான் சொன்னேன். தாளில் உங்கள் திட்டத்தின் பெயர்தானே இருக்கிறது என்று கேட்டார். நான் பாட்டில் பெட்டியோடு கிணற்றுப் பக்கம் போனேன்.

எடுத்த தண்ணீர் கெடாமல் இருக்கப் பாட்டிலில் கொஞ்சம் அமிலம் விடவேண்டும். அதை ஒரு சின்னப் புட்டியில் வைத்திருந்தேன். புட்டியைத் திறந்ததும் மெல்லிசாக ஆவி எழும். அது போதும் அவர்களுக்கு. சுவரில் இருந்தவர்களில் ஒருவன் எழுந்து, கிணற்றில் விஷம் கலக்க வந்திருக்கிறாள் என்று கூவினான். என் கையைத் தட்டிவிட்டான். புட்டி கல்லில் பட்டு உடைந்து, தரை நுரைத்துப் புகைந்தது. ஒரு துளி என் புறங்கையில் விழுந்து தோல் வெந்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொருவன் பாட்டில் பெட்டியை உதைத்துக் கவிழ்த்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காலால் மிதித்தான். தடுக்கப் போன டிரைவரைப் புதிதாக முலாம் பூசின குழாய் ஒன்றால் முழங்கையில் அடித்தார்கள். வெயிலில் அந்தக் குழாய் பளபளவென்று மின்னியதும் எலும்பு முறிகிற சத்தமும் சேர்ந்தே என் நினைவில் இருக்கின்றன.

அந்த நேரத்தில் அவள் போய் வாளிக் கயிற்றைப் பிடித்துவிட்டாள். என்னை அடித்த பச்சைக் குடம் இடுப்பில் இருந்தது. வாளியை உள்ளே விட்டு, மடமடவென்று இழுக்க ஆரம்பித்தாள். பட்டறை வாசலில் அவள் புருஷன் வந்து நின்றான். மெலிந்த ஆள், இரண்டு கையிலும் தொட்டித் தண்ணீர் அரித்த குழிப்புண்கள், மூக்கை ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பான். வேண்டாம் விட்டுடு, வேலை போயிடும் என்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் ஒருவன் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். அவள் நிலைதடுமாறி ராட்டினம் மாட்டியிருந்த கல்தூணில் நெற்றி மோதி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் புருவம் வழியாகக் கண்ணில் இறங்கியது. கயிற்றை மட்டும் விடவில்லை. தெருப் பெண்கள் அந்த ஆளை மொய்த்துக்கொண்டு, குடத்தாலும் விளக்குமாற்றாலும் கையில் அகப்பட்டதாலும் சாத்தினார்கள். அவள் எழுந்தாள், இழுத்தாள், வாளியைக் குடத்தில் கவிழ்த்தாள். குடத்தை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தா. இதான் எங்க ஊட்டுத் தண்ணி. போதுமா?"

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அடிபட்டதற்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

ஜீப்பில் ஒரு சின்னப் பெட்டியில் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து இருந்தது. சந்தேகம் வந்தால் இடத்திலேயே பார்த்துக்கொள்வதற்கு. முலாம் தொட்டியில் போடுகிற வகைக் குரோமியம் இருந்தால் தண்ணீர் ஊதாவாக மாறும். ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்தத் தண்ணீரை எடுத்து, நன்றாகவே நீர் சேர்த்து, மருந்தை விட்டேன். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம் வந்தது. இத்தனை நீர் சேர்த்தும் அத்தனை அழுத்தமான நிறத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. குப்பியைத் தூக்கிக் காட்டி, இது பட்டறைத் தொட்டியில் இருக்கிற அதே சரக்கு, இதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உரக்கச் சொன்னேன். எனக்கு அந்த நிமிடம் வெறிதான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

கேட்டது. ஷிப்ட் மாறுகிற நேரம், தொழிற்பேட்டை ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் கலந்திருந்தார்கள். முதல் கல் யார் எறிந்தது என்று பிறகு இன்ஸ்பெக்டர் என்னைத் துருவித் துருவிக் கேட்டார். எனக்குத் தெரியாது. கல் பறந்தது, பட்டறை ஓடு உடைந்தது, கதவு என் திட்டத்தின் தாளோடு சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. முதலாளி பின்பக்கம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பளபளப்பான ஹேண்டில்பார்களைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் உள்ளே பாய்ந்தார்கள். இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம். யாரோ, தொட்டியக் கவுத்துடா என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டி கவிழ்ந்தால் அத்தனையும் நேராக மண்ணுக்குள், அங்கிருந்து கிணற்றுக்குள். வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்கு முன்னால் அவள் புருஷன் நின்றான். தொட்டிக்கு முதுகைக் கொடுத்துக் கையை விரித்துக்கொண்டு, அண்ணாத்தே வேணாம், உள்ள இருக்கறது ஆளையே தின்னுடும் என்று ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினான். முதலாளியின் கைக்கூலி என்று அவன் கன்னத்தில் அறைந்தார்கள். நாலு பேர் கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள். தொட்டி சாய்ந்தது. செம்மஞ்சள் திரவம் ஒரு மடையாக வந்து அவன் முழங்காலுக்குக் கீழே அப்படியே நனைத்துக்கொண்டு போனது. அவன் போட்ட அலறலில் நெம்பியவர்களே கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவளும் நானும் அவனை ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தோம். லாரி நின்றுபோன தெருவில் அவன் காலில் ஊற்ற நல்ல தண்ணீர் எங்கே? என் ஜீப்பில் குடிக்க வைத்திருந்த குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீர் ஒரு கேன் இருந்தது. அதை ஊற்றினோம். போதவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பச்சைக் குடத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரையும் எடுத்து ஊற்றினாள்.

லாரி மறுநாளே வந்தது. கலவரம் என்றால் சர்க்காருக்குக் கால் முளைத்துவிடும். கிணற்றைக் கல் வைத்து மூடினார்கள். எங்கள் இயக்குநர் திட்டத்துக்கு வந்த கெட்ட பேரைப் பற்றிக் கவலைப்பட்டு என்னைக் கூப்பிட்டுக் கத்தினார், நானும் பதிலுக்குக் கத்தினேன். பாட்டிலை வீட்டில் கொடுக்கிற வழக்கத்தை அன்றோடு நிறுத்தினேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும், எந்தக் கிணற்றிலும், கயிற்றை நானே பிடித்து இறைத்தேன். பட்டறை கொஞ்ச காலம் மூடிக்கிடந்து, பிறகு வேறு பெயரில் வேறு தெருவில் திறந்தது.

அவளை மட்டும் முதலாளி விடவில்லை. கிணற்றில் இறைத்தவள் அவள்தான் என்று அந்த வாரமே சாமான்களை வாசலில் தூக்கிப் போட்டார். மகள் தெருவில் அலுமினியப் பாத்திரங்களுக்கு நடுவே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாளாம். புருஷன் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் கட்டோடு கிடந்தான். போய்ப் பார்த்தேன். வேலையும் போச்சு மேடம், காலும் போச்சு என்றான். எங்கே குடிபோயிருக்கிறார்கள் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆக, லாரியைத் திரும்பக் கொண்டுவந்தவள் அந்த லாரித் தண்ணீரில் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்துத் தெருக்காரி ஒருத்தி மூலம் சொல்லியனுப்பினாள். பேத்திக்கு ஞானஸ்நானம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து, எல்லோருமாக மாதா கோயிலுக்குப் போகலாம், கட்டாயம் வரவேண்டும். அண்ணனூர் ரயில் ஷெட் தாண்டி உள்ளே போகிற ஒரு மண்பாதையில் வீடு. குழந்தைக்கு ஒரு வெள்ளைக் கவுன் வாங்கிக்கொண்டு, ஜோல்னாப் பை ஒன்று தோளில் தொங்க, வெயிலில் தேடி அலைந்து போய்ச் சேர்ந்தேன். என்ன பை என்று கேட்டால் சொல்வேன், அந்தக் காலத்தில் நான் சர்ச்சுக்குப் போனாலும் பாட்டிலும் சொட்டு மருந்தும் இல்லாமல் போனதில்லை.

ஒற்றை அறை. புருஷன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்ததும் லுங்கியை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். அவள் நெற்றியில் தழும்பு ஏறியிருந்தது. வாங்கம்மா வாங்க என்று பாயை உதறிப் போட்டாள். என் உதட்டைப் பார்த்து, ஆறிடுச்சா என்று கேட்டுச் சிரித்தாள். என் உதடு ஆறிவிட்டது, உன் குடம் எப்படி இருக்கிறது என்று நானும் கேலி பண்ணினேன். எவர்சில்வர் டம்ளரை இரண்டு தடவை கழுவி, நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாகத்தில் மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். நல்ல தண்ணீர், ருசியான தண்ணீர். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. போன இடத்திலாவது நல்ல தண்ணீர் கிடைத்ததே என்று கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

பின்பக்கம் குழந்தை சிணுங்கியது. கவுனைக் கொடுக்கலாம் என்று போனேன். மகள் கோயிலுக்குப் போகக் குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து, துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் தொடை மடிப்பிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. கீழே அலுமினியத் தாம்பாளத்தில் குளித்த தண்ணீர் கிடந்தது. வெயில் அதில் விழுந்தது. வெளிறிய மஞ்சள்.

இது என்ன தண்ணீர் என்று கேட்டேன். பாட்டிக்காரி எனக்குப் பின்னால் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னாள்.

"கெணத்துத் தண்ணிதான். அங்க மாதிரி இல்லம்மா, இங்க கொஞ்சம் கம்மி. குடிக்கிறதுக்கு ரெண்டு கொடம் வெல குடுத்து வாங்கிகினு வர்றோம். நீங்க குடிச்சது அந்தத் தண்ணிதான், பயப்படாதீங்க."

அடி வாங்கினபோதுகூட எனக்கு அப்படி ரத்தம் கொதித்ததில்லை. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அவள் மேலா, முதலாளி மேலா, இப்போதுதான் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்த என் மேலா? தாம்பாளத்தை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். அது சுவரில் மோதிச் சுழன்று, மண் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெறித்தது. குழந்தை வீறிட்டது. அவள் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் வந்து இப்படிச் செய்தால் யார்தான் அறையமாட்டார்கள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தூரத்தில் கோயில் மணி அடித்தது.

அவள் திரும்பிப் போய் மூலையிலிருந்து குடத்தை எடுத்தாள். அதே பச்சைக் குடம், வாய் ஓரம் விரிசல் விட்டிருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தவள், பாதியில் நின்று என் பையைப் பார்த்தாள்.

"பாட்டில் கீதா?" என்றாள்.

"கீது" என்றேன்.